இடுப்பளவு தண்ணீரில் ஒரு மீன் சந்தை

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற காம்பியாவுக்கு வருகிறவர்களில் பலர் கொலோலி பக்கத்து ஹோட்டல் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் ஷேர் டாக்சி பிடித்துத் தெற்கே டாஞ்சி என்கிற மீனவ ஊருக்குப் போனேன். ஊர் வருமுன்பே புகையும் கருவாடும் கலந்த வாடை வந்துவிட்டது.

நாலு மணிக்கு மேல் படகுகள் வரத் தொடங்கின. பிரோக் என்கிற நீண்ட மரப்படகுகள். பக்கமெல்லாம் மஞ்சள், பச்சை, சிவப்பு. அவை நேராகக் கரையேறுவதில்லை, அலையிலேயே ஆடிக்கொண்டு நிற்கின்றன. சுமைக்காரர்கள் மார்பளவு தண்ணீரில் நடந்துபோய், தலையில் மீன் பெட்டியோடு ஓட்டமும் நடையுமாகத் திரும்புகிறார்கள். சிந்துகிற மீனுக்குச் சிறுவர்களும் கடற்காகங்களும் போட்டி.

விலை பேசுவது பெண்கள். மஞ்சள் முண்டாசு கட்டிய ஒரு அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு மீனை எடுத்தார், கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பெட்டியிலேயே எறிந்தார். எங்கள் வீட்டில் அம்மாவும் இதே கட்டைவிரலால்தான் பார்ப்பார். படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். கூடாது என்று கையை ஆட்டினார். சரி, கேமராவைப் பைக்குள் வைத்தேன். அதற்குள் ஒரு அலை என் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. ஒரு பையன் நீந்திப் போய் எடுத்து வந்தான்.

அந்த அம்மா எறிந்த மீன் போங்கா. நம்ம ஊர் மத்திக்குத் தூரத்துச் சொந்தம், முள் ஜாஸ்தி. மலிவாகக் கிடைப்பதால் ஏழை வீட்டுக் குழம்பு மீன் அதுதான். கரையை ஒட்டிய புகைக்கூடங்களில் வரிசையாக அடுக்கி, கீழே விறகு மூட்டி, நாள்கணக்கில் புகை போடுகிறார்கள். கெடாமல் உள்நாட்டு ஊர்கள் வரை போகும். ஒரு கூடத்தில் நுழைந்த என்னால் அரை நிமிடம் நிற்க முடியவில்லை. அங்கே பெண்கள் நாள் முழுக்க மீனைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னும் தெற்கே குஞ்சூர், சன்யாங் பக்கம் மீன்மாவு ஆலைகள் வந்துவிட்டன. ஒரு கிலோ மாவுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். வெளிநாட்டுப் பண்ணை மீன்களுக்குத் தீனியாகப் போகிறது. மனிதர் தின்னும் மீனை அரைத்து மீனுக்கே போடுவது என்ன கணக்கோ, எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் மரநிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கூப்பிட்டு அத்தாயா கொடுத்தார்கள். ஒரே தேயிலையை மூன்று முறை கொதிக்கவைக்கிற பச்சைத் தேநீர். முதல் சுற்று கசப்பு, கடைசிச் சுற்று பாகு.

திரும்பும்போது புகைபோட்ட போங்கா ஒரு பொட்டலம் வாங்கினேன். டாக்சிக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். பின்சீட்டு ஆட்களிடம் அதை அவர்கள் மொழியில் சொன்னார். வண்டியே குலுங்கச் சிரித்தார்கள்.