பட்டியலில் இல்லாத செடி

ஆடுதுறை 3, வம்பன் 8 என்ற இரண்டு உளுந்து ரகங்களைக் கலந்து எடுத்த இரண்டாம் தலைமுறை. இளம் இலையைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தோம். பூவெடுக்கும் சமயத்தில் பட்டியல் வந்தது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் வைரஸ் நோய்க்கான எதிர்ப்பைக் காட்டும் டி.என்.ஏ அடையாளம், அதாவது மார்க்கர், உள்ள செடிகளின் பட்டியல் அது. அதில் இல்லாத செடிகளைப் பிடுங்கச் சொன்னேன்.

வயலில் மதிப்பெண் போடும் அக்கா ஒரு செடியருகே நின்றுவிட்டார். இருபுறமும் நோய் பரவுவதற்கென்றே விதைத்த கோ 5 உளுந்து வரிசைகள் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல நிற்கின்றன. இந்தச் செடியில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரையுள்ள நோய் அளவுகோலில் அக்கா அதற்கு ஒன்று, அதாவது நோயே இல்லை என்று போட்டிருந்தார்.

“இதையுமா சார்?”

“பட்டியல்ல இல்லைக்கா. வெள்ளை ஈ உட்காராம தப்பிச்சிருக்கும்.”

“அப்போ நாங்க எதுக்கு சார் வெயில்ல நின்னு மார்க்கு போடறோம்?”

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். செடி போய்விட்டது.

நான் செய்தது நடைமுறைதான். நோய் தொற்றாமல் தப்பிய செடியை நம்பி ஏமாந்த கதை எல்லாப் பண்ணையிலும் உண்டு. அதற்குத்தானே மார்க்கர்? கொண்டைக்கடலையில் ஐசிசி 4958 என்ற வகையின் வறட்சி தாங்கும் மரபணுப் பகுதியை இப்படி மார்க்கர் பார்த்துத்தான் பூசா 372 ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். பூசா 10216 என்ற புது ரகம் கிடைத்தது.

ஆனால் மார்க்கர் என்பது எதிர்ப்பு மரபணுவே அல்ல, அதன் பக்கத்து வீட்டு முகவரி. தலைமுறை மாறும்போது இரண்டும் பிரிந்துபோகலாம். தவிர, நாங்கள் பயன்படுத்தியது வடக்கே வேறொரு கலப்பில் கண்டுபிடித்தது. அங்கே மஞ்சள் தேமலை உண்டாக்குவது பெரும்பாலும் வேறு வைரஸ், நம் பக்கம் வேறு. உளுந்தின் நெருங்கிய உறவான பாசிப்பயற்றின் மரபணுத்தொகுதி 2014-லேயே வெளியாகிவிட்டது. ஆனாலும் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. அக்காவின் ஒன்று மதிப்பெண்ணும் ஒரு தரவுதான். ஒற்றைச் செடி என்பதால் பலவீனமான தரவு. இதை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி நியாயம் மிஞ்சுகிறது.

அடுத்த பட்டத்தில், மார்க்கர் இல்லாமல் பச்சையாக நிற்கும் செடிகளின் விதையைத் தனியாக எடுத்துவைக்கலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

“எல்லாத்தையும் வச்சுக்கறதுன்னா மார்க்கர் எதுக்குய்யா?” என்றார். அக்கா கேட்டதையே மறுபக்கத்திலிருந்து கேட்டார். இதற்கும் என்னிடம் நேரான பதில் இல்லை. இடம் இருக்கிறவரைக்கும் வைப்போம் சார் என்றேன்.

சரி என்று ஓரத்தில் ஒரு பாத்தி ஒதுக்கிக் கொடுத்தார். மாசிப் பட்டத்தில் விதைக்க வேண்டும்.