மொட்டைத் தென்னையில் ஒரு குடித்தனம்

மார்ச் 5, 2022, சனி
பேராவூரணி அருகே

மார்ச் மாதத்தில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாம். காற்று அடித்தால் மாட்டுக்கொட்டகை மேல் சாய்ந்துவிடும் என்று பயந்து, கொல்லையில் நின்ற மொட்டைத் தென்னையை வெட்டச் சொல்லிவிட்டார் சித்தப்பா. 2018 நவம்பரில் கஜா புயல் தலையைத் திருகி எறிந்த மரம் அது. இப்படி வெறும் தண்டாக நிற்கும் தென்னைகளை எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. மரங்கொத்தி மதிக்கிறது. அது துளைத்துவிட்டுப் போன பொந்தில் மைனாவும் கிளியும் ஆந்தையும் மாறி மாறிக் குடியிருக்கும்.

தண்டு விழுந்து பிளந்தபோது உள்ளே புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் மூன்று. இரண்டு அங்கேயே செத்துவிட்டன. பிழைத்தது மூத்தது. ஆந்தை முதல் முட்டை இட்டதுமே அடைகாக்க உட்கார்ந்துவிடும். அதனால் ஒரே கூட்டில் மூத்ததும் கடைக்குட்டியும் உருவத்தில் வெகுவாக வேறுபடும். இதற்குக் கண் திறந்துவிட்டது. வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே இறகுக் குருத்துகள் எட்டிப் பார்க்கின்றன. இடது இறக்கை தொங்குகிறது.

கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் பால் ஊற்றச் சொன்னார்கள், மீதிப்பேர் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். இரண்டையும் மறுத்தேன். பால் எந்தப் பறவைக்கும் உணவில்லை. தண்ணீரை வாயில் விட்டால், நாக்கின் பின்பக்கத்திலேயே திறந்திருக்கும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். குஞ்சின் உடம்பு சில்லென்று இருந்தது. அந்த நிலையில் எதை ஊட்டினாலும் செரிக்காது. வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமல்லவா?

வனத்துறைக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையை வீட்டில் வளர்ப்பது குற்றம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

மார்ச் 6, ஞாயிறு

மருத்துவர் இறக்கையை விரித்துத் தடவிப் பார்த்தார். முறிவு இல்லை, வீக்கம்தான். சில நாள் பெட்டியிலேயே இருக்கட்டும் என்றார்.

வீட்டில் ஆந்தை என்றதும் பெரியம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு முறை அலறினால் சாவு, இரண்டு முறை என்றால் நினைத்த காரியம் கைகூடும், அப்படியே மேலே போகும். "எத்தனை தடவை அலறியது?" என்று வெளியில் நின்றே கேட்டார். இது அலறுவதில்லை பெரியம்மா, பசித்தால் 'ஷ்ஷ்' என்று சீறுகிறது என்றேன். கணக்கில் அதற்கு இடம் இல்லை போலும், போய்விட்டார்.

மார்ச் 7, திங்கள்

சித்தப்பா மகன் கடையிலிருந்து எலும்பில்லாத கோழிக்கறி வாங்கிவந்தான். பாசத்தோடு கொடுக்கிற நஞ்சு அது. வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே தின்று வளர்ந்தால் குஞ்சின் எலும்பு வளைந்துபோகும், பிறகு அது பறப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆந்தைக்கு எலும்பு, தோல், ரோமம் எல்லாம் சேர்ந்த முழு இரை வேண்டும். தண்ணீரும் அந்த இரையிலிருந்தே கிடைத்துவிடும்.

முழு இரைக்கு எங்கே போவது? வயலில் எலி இருக்கிறது, ஆனால் மருந்து வைத்த எலியை ஆந்தைக்குக் கொடுத்தால் ஆந்தையும் போய்விடும். நல்லவேளை, கோடை நெல் போட்டிருக்கும் வயல்களில் மூங்கில் கிட்டி வைக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கிட்டியில் மாட்டுகிற எலிக்குக் கழுத்து நெரிவதைத் தவிர வேறு விஷம் இல்லை. சின்ன எலியாகப் பார்த்துத் தருகிறேன் என்றார். எதற்கு என்று சொன்னதும் சிரித்தார்.

மார்ச் 9, புதன்

எலியைக் கத்தரித்து எலும்போடு இடுக்கியில் பிடித்து நீட்டினால் குஞ்சு அதைப் பார்ப்பதே இல்லை. ஆந்தைக்கு அலகுக்கு நேர் முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. அலகைச் சுற்றியுள்ள மயிர் போன்ற இறகுகளில் இரை உரச வேண்டும். உரசியதும் கண்ணை மூடிக்கொண்டு லபக்கென்று கவ்விக்கொள்கிறது. எலி கிடைக்காத வேளைக்கு வெட்டுக்கிளியும் பிள்ளைப்பூச்சியும். இன்று காலை ரோமமும் எலும்புத் துணுக்குமாக ஒரு உருண்டையைக் கக்கி வைத்திருந்தது. அம்மா பதறிவிட்டார். எனக்கோ நிம்மதி: செரிமானம் ஒழுங்காக நடக்கிறது.

ஊட்டும்போது தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொள்கிறேன், பேசுவதில்லை. சித்தப்பா மகன் பெயர் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். கூடாது என்று சொல்லிவிட்டேன். மனிதக் குரலைக் கேட்டு வாய் திறக்கப் பழகிய ஆந்தை, முதலில் கல் வைத்திருக்கும் பையனிடம்தான் போய் நிற்கும்.

மாலையானால் கொல்லைப் பக்கத்து மின்கம்பியில் பெரிய ஆந்தைகள் இரண்டும் வந்து உட்காருகின்றன. மரம் இல்லாத இடத்தைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுகின்றன. இங்கே என் வேலை என்ன என்பது அந்தக் கம்பியைப் பார்த்தாலே தெரிகிறது.

மார்ச் 12, சனி

வனக்காவலர் வந்தார். வீக்கம் வடிந்து இரண்டு இறக்கையும் சமமாக நிற்பதைப் பார்த்துவிட்டு, தாய் தகப்பன் பக்கத்திலேயே இருக்கும்போது கூண்டுக்கு எதற்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

குயவரிடம் சொல்லிப் பக்கவாட்டில் வாய் வைத்த பானை ஒன்று வாங்கியிருந்தேன். நீர் வடிய அடியில் சிறு துளைகள். உள்ளே வெட்டிய தென்னையிலிருந்தே அள்ளிய மக்கிய தூள். துணியும் பஞ்சும் போட்டால் நூல் விரலில் சுற்றிக்கொள்ளும். பழைய பொந்துக்குச் சற்றுத் தள்ளி நிற்கும் பூவரசில், ஏறக்குறைய அதே உயரத்தில், கம்பியால் இறுகக் கட்டினோம். பூனை ஏறாதபடி அடிமரத்தைச் சுற்றித் தகரம்.

இருட்டும்வரை திண்ணையில் இருந்து பார்த்தோம். பெரியவை கம்பியில் வந்து உட்கார்ந்தன. பானைப் பக்கம் வரவில்லை.

மார்ச் 13, ஞாயிறு

காலையில் ஏணி வைத்து ஏறிக் கொஞ்சமாக மட்டும் ஊட்டினேன். வயிறு நிறைந்த குஞ்சு கத்தாது. கத்தாத குஞ்சைப் பெற்றோர் தேடி வராது. அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "பிள்ளையைப் பட்டினி போடுகிறாய்" என்று என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தி மங்கியதும் பானைக்குள்ளிருந்து சீறல் தொடங்கியது. நிற்கவே இல்லை. கம்பியில் இருந்தவற்றில் ஒன்று பூவரசின் கிளைக்கு வந்தது, போனது, மறுபடியும் வந்தது. பிறகு வாயில் எதையோ வைத்துக்கொண்டு பானை விளிம்பில் இறங்கித் தலையை உள்ளே விட்டது. சீறல் அறுந்தது. அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டுச் சோறு போட உள்ளே போனார்.

மார்ச் 17, வியாழன்

நாளை பங்குனி உத்திரம். நிலா வெளிச்சத்தில் எல்லாமே தெரிகிறது. எலி எலியாகக் கொண்டுவருவார்கள் என்று நினைத்தால், பெரும்பாலும் பூச்சிதான். தெருவிளக்கடியில் விழும் வண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு இரண்டும் மாறி மாறி வருகின்றன. அப்பா ஆந்தையா அம்மா ஆந்தையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எலியை எதிர்பார்த்தவர்களில் கிட்டி அண்ணனும் உண்டு. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ஏப்ரல் 2, சனி

இரண்டு நாளாகக் குஞ்சு கிளையில். இறக்கையை ஓங்கி அடிக்கிறது, பக்கத்துக் கிளைக்குத் தாவுகிறது, தடுமாறினாலும் பிடித்துக்கொள்கிறது. இன்று காலை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்ததைக் கரிச்சான் ஒன்று கண்டுவிட்டது. அதன் சத்தத்துக்கு மைனாக்களும் சேர்ந்துகொள்ள, குஞ்சு கண்ணை இடுக்கி மரப்பட்டையோடு ஒட்டி நின்றது. போய் விரட்டலாமா என்று எழுந்தேன். அதற்குள் பெரியதில் ஒன்று மேல்கிளைக்கு வந்துவிட்டதால் உட்கார்ந்துகொண்டேன்.

சித்தப்பா தன் வயலில் பறவைகள் உட்காரக் கழிகள் நட்டிருக்கிறார். வேளாண்மைத் துறையினர் நெடுநாளாகச் சொல்லிவரும் யோசனைதான். கூடவே வரப்பில் நிற்கும் இன்னொரு மொட்டைத் தென்னையை வெட்ட வேண்டாம் என்றும் முடிவு. எலித்தொல்லை குறையுமே என்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த கிட்டி அண்ணன், "எனக்கு எலிக்கு இவ்வளவு என்றுதானே கூலி? ஆந்தை தின்கிற எலிக்கு யார் காசு கொடுப்பது?" என்றார். சித்தப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.