அடர் சிவப்பு மட்டும் போதாது

என் முதுகலை ஆய்வு மொனாஸ்கஸ் பர்ப்யூரியஸ் பற்றியது. சோற்றில் இந்தப் பூஞ்சையை வளர்த்தால் சில நாட்களில் சோறே செக்கச்சிவந்துவிடும். சீனாவில் பல நூற்றாண்டுகளாக உணவுக்கு இப்படித்தான் நிறம் ஏற்றுகிறார்கள். இதைவிட அதிகமாக நிறமி தரும் ஸ்ட்ரெய்னை, அதாவது அதே பூஞ்சையின் மாறுபட்ட வகையொன்றை, உருவாக்குவதுதான் என் வேலை.

வழி பழையதுதான். ஸ்போர்களை, அதாவது பூஞ்சையின் வித்துகளை, நீரில் கலந்து, 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் வைக்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துவிட வேண்டும். தப்பியவற்றில்தான் மரபணு மாற்றம் கிடைக்கும். விளக்கை அணைத்ததும் ஸ்போர்களை வளர்ப்புத் தட்டுகளில் பரப்பி இருட்டில் வைக்கிறோம். வெளிச்சம் பட்டால் போட்டோலையேஸ் என்ற நொதி டி.என்.ஏ.வில் விழுந்த காயத்தை ஆற்றிவிடும், அத்தனை பாடும் வீண்.

பிறகு தட்டுகளைத் திறக்கும் நாள். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, நடுவே ஒன்றிரண்டு ரத்தச் சிவப்பு. கை தானாகச் சிவப்பை நோக்கித்தான் போகும். ஆனால் தட்டில் தெரியும் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மொனாஸ்கஸின் ஆரஞ்சு நிறமிகள் அமினோ அமிலங்களோடு சேரும்போதுதான் சிவப்பாகின்றன. அதே ஸ்ட்ரெய்னுக்கு நைட்ரஜனாக மோனோசோடியம் குளுட்டமேட் என்ற அமினோ அமில உப்பைக் கொடுத்தால் சிவப்பு. அம்மோனியம் உப்பு கொடுத்தால் ஊடகம் (பூஞ்சை வளரும் சத்துக் கலவை) அமிலமாகி ஆரஞ்சிலேயே நின்றுவிடும். எனவே எல்லா ஸ்ட்ரெய்னையும் ஒரே ஊடகத்தில் வளர்த்து, 500 நானோமீட்டருக்கு அருகே ஒளி உறிஞ்சலை அளந்த பிறகே பேச வேண்டும்.

எனக்கு இதைவிட முக்கியமானது சிட்ரினின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு. மொனாஸ்கஸ் இதைச் சுரக்கிறது என்பது 1995இல்தான் உறுதியானது. நல்ல வேளையாக, நிறமியையும் சிட்ரினினையும் உருவாக்கும் பாலிகீட்டைட் சின்தேஸ் என்ற நொதிகளுக்கான மரபணுக்கள் வேறுவேறு. ஆகவே நிறத்தை இழக்காமலே நச்சை நிறுத்த வழி இருக்கிறது. அதனால், நிறமி எத்தனை மடங்கு கூடியது என்று மட்டும் எழுதி, சிட்ரினின் அளவைச் சொல்லாத ஆய்வறிக்கை பாதி வேலைதான் என்பேன். குழந்தைகள் தின்னும் மிட்டாயில் போய்ச் சேரக்கூடிய பொருள் இது!

இன்னொரு சோதனையும் உண்டு. புற ஊதாவில் கிடைத்த மாற்றம், தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி வளர்க்கும்போது மங்கிப்போகலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்ப அளக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை, ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

இப்போது என்னிடம் இருப்பவற்றில் மிக அடர்ந்த சிவப்பை வேண்டாமென்று விலக்கிவைத்திருக்கிறேன். அதைவிடச் சற்று வெளிறினாலும், தலைமுறை மாறியும் நிறம் மாறாத, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியின் வரைபடத்தில் சிட்ரினினுக்கான உச்சி எழாத ஸ்ட்ரெய்ன்தான் அடுத்துப் பெரிய குடுவைக்குப் போகிறது.