சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே

வீட்டு வேலையைப் பங்கு போடும் பேச்சு பெரும்பாலும் இந்த வரியில்தான் வந்து முட்டி நிற்கும். சொல்பவர் பொய் சொல்லவில்லை, சொன்னால் செய்வார்தான். ஆனால் எந்த மருந்து தீரப்போகிறது, அடுத்த தடுப்பூசி எப்போது, எந்தச் சீருடை சின்னதாகிவிட்டது என்றெல்லாம் பார்த்துவைத்து, நினைவில் வைத்து, வேளை பார்த்துச் சொல்கிறாரே இன்னொருவர், அதுவே ஒரு தனி வேலை. சம்பளமில்லாத வேலைகளில் கடைசியாகக் கைமாறுவதும் அதுதான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடமும் ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் சம்பளமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைகளுக்குக் கொடுக்கிறார்கள். மொத்தத்தில் 76.2 சதவீதம் பெண்கள் தலையில். இது உலகச் சராசரி. உங்கள் வீட்டில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அளந்துதான் பார்க்க வேண்டும். மனக்கணக்கு உதவாது. 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் தம்பதியரைத் தனித்தனியே கேட்டார்கள்: வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. தான் செய்தது நினைவில் நிற்கும், மற்றவர் செய்தது நிற்காது. அவ்வளவுதான்.

அளப்பதற்கு ஆளுக்கு ஒரு தாள் போதும். நாளைப் பத்து நிமிடக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று பத்தி (நெடுவரிசை): முதன்மையாகச் செய்தது, கூடவே செய்தது, யாருக்காக. குறைந்தது ஒரு வேலைநாளும் ஒரு விடுமுறை நாளும் எழுத வேண்டும், ஒரு வாரம் எழுதினால் இன்னும் நல்லது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் காணாமல் போய்விடும். எழுதி முடியும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது.

எது வேலை, எது பொழுதுபோக்கு என்ற சண்டை கட்டாயம் வரும். 1934-இலேயே மார்கரெட் ரீட் என்ற பொருளியலாளர் இதற்கு ஒரு சோதனை சொல்லிவிட்டார்: காசு கொடுத்து இன்னொருவரைச் செய்யச் சொல்ல முடியுமானால் அது வேலை. சமையல் வேலை. படம் பார்ப்பது வேலையில்லை, உங்களுக்குப் பதிலாக யாரும் பார்த்துத் தர முடியாது.

பலர் கோட்டைவிடுவது இரண்டாவது பத்தியில். அடுப்படியில் நின்றுகொண்டே பிள்ளையின் வீட்டுப்பாடத்தைக் கேட்ட 40 நிமிடம், தாளில் சமையல் என்று மட்டும் விழும். குழந்தை தூங்கும் நேரம் 'ஓய்வு' என்று விழும். அதற்கு ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக வெளியே போயிருக்க முடியுமா? முடியாது என்றால் அது பராமரிப்பு நேரம்தான்.

தாள் நிரம்பியதும் எல்லோரும் நேரே கூட்டுத்தொகைக்குப் போவார்கள். அதைவிட முக்கியமானது கடிகாரம். நேரம் தள்ளிப்போட முடியாத வேலைகளைச் சிவப்பால் வட்டமிடுங்கள்: பள்ளியிலிருந்து அழைத்து வருவது, முதியவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுப்பது, பால் கொடுப்பது. கட்டணம் கட்டுவதும் வண்டியைப் பழுது பார்ப்பதும் சனிக்கிழமை வரை காத்திருக்கும். இருவருக்கும் வாரம் 15 மணி நேரம் என்று சமமாக வந்தாலும், சிவப்பு வட்டம் முழுக்க ஒருவர் தாளில் இருந்தால், மாலைக் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போகிறவர் அவர்தான். பதவி உயர்வு தள்ளிப்போவதும் அவருக்குத்தான். அதனால் முதலில் பங்கு போட வேண்டியது மணிகளை அல்ல, இந்த வட்டங்களை.

இனி ஒப்படைப்பு. வீட்டுக்குள் நடக்கும் மூளை வேலையை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர், 2019-இல் அதை நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் இருவரும் ஓரளவு சமமாக உட்கார்கிறார்கள். முதலாவதும் கடைசியும்தான் பெண்கள் பக்கம் அதிகம் சாய்கின்றன. ஆகவே வேலையைக் கொடுத்தால் நான்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 'பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ' என்பது ஒப்படைப்பு இல்லை, ஏவல். பிள்ளையின் பல் முழுப்பொறுப்பும் ஒருவரிடம் என்றால், எப்போது போக வேண்டும் என்று கவனிப்பது, நேரம் வாங்குவது, அலுவலகத்தில் அனுமதி கேட்பது, அடுத்த தேதியைக் குறித்துக்கொள்வது எல்லாம் அவருடையது.

கொடுக்கும்போதே குறைந்தபட்சத் தரத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். 'குளியலறை, வாரம் ஒருமுறை, தரை வழுக்கக் கூடாது.' அதற்கு மேல் எந்தத் துடைப்பம், எந்தக் கிழமை என்பது செய்கிறவர் விருப்பம். முதல் இரண்டு மூன்று வாரம் ஏதாவது தவறும். 'விடு, நானே பண்ணிக்கிறேன்' என்று அங்கே பிடுங்கிக்கொண்டால் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விடும். மருந்தளவு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போன்றவை மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒரு வாரம் கூடவே நின்று சொல்லிக்கொடுத்த பிறகே கைமாற்ற வேண்டும்.

தாளில் வராத ஒன்றும் உண்டு. பள்ளியிலும் மருத்துவமனையிலும் முதல் எண்ணாக யாருடையது பதிவாகியிருக்கிறது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பு வரும், விடுப்பும் அவர்தான் போடுவார். எண்ணை மாற்றிக் கொடுங்கள். காய்ச்சல் வரும் முன்பே, முதல் நாள் விடுப்பு யாருடையது, இரண்டாம் நாள் யாருடையது என்று முறை வைத்துவிடுங்கள். காலை ஆறரை மணிக்கு, தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால், சம்பளம் குறைவானவர்தான் வீட்டில் நிற்பார்.

மூன்று மாதம் கழித்து அதே தாளை இரண்டு நாள் மறுபடி நிரப்புங்கள். புதிதாகக் குழந்தை பிறந்தாலோ பெரியவர் யாராவது படுக்கையில் விழுந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம், அந்த மாதமே எழுதுங்கள்.