ஞானம் வந்தா மனுஷன் நல்லவனாயிடுவானா?

ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கிற கேள்வி இது. தியானம், ஜெபம், திக்ரு (இஸ்லாத்துல இறைவனை நினைச்சு ஓதுறது), எந்தப் பேர்ல பண்ணாலும் சரி, மனசு ஒரு கட்டத்துல வழக்கமா இருக்கிற இடத்தைத் தாண்டி பெரிய அமைதிக்கோ விரிவுக்கோ போகுதுன்னு எல்லா மரபுலயும் சொல்லியிருக்காங்க, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா அங்க போயிட்டு வந்தவன் பொய் சொல்லாம இருப்பானா, தன்னை விடக் கீழ இருக்கிறவன்கிட்ட கோவத்தைக் காட்டாம இருப்பானா, ஒருத்தன் கஷ்டப்படும்போது எழுந்து போவானா, எனக்கு அதுதான் தெரியணும். இன்னைக்கு மெடிடேஷன் ஆப்ல ஆரம்பிச்சு பல இடங்கள்ல ஒழுக்கத்தைத் தனியா கழட்டி வெச்சுட்டு அனுபவத்தை மட்டும் எடுத்துக் குடுக்கிறாங்க, இது எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு, ஏன்னா பழைய ஆளுங்க இப்படிப் பிரிக்கவே இல்ல.

பதஞ்சலியோட யோக சூத்திரத்தை எடுத்துக்குங்க. எட்டு அங்கத்துல முதல்ல வர்றது யமம்: அகிம்சை, உண்மை, திருடாமை, பிரம்மசரியம், தேவைக்கு மேல சேர்க்காமை. நாம யோகான்னு சொல்ற ஆசனம் மூணாவதாதான் வருது, தியானம் ஏழாவது, சமாதி எட்டாவது. மூணாவது பாதத்துல அவரே சித்திகளை வரிசையா சொல்லிட்டு, நடுவுல நிறுத்தி, இதெல்லாம் சமாதிக்கு இடைஞ்சல்னு ஒரு சூத்திரம் வெக்கிறார். கட உபநிஷத்தும் கெட்ட நடத்தையை விடாதவன் வெறும் அறிவால ஆத்மாவை அடைய முடியாதுன்னு நேரடியாவே சொல்லிடுது. நம்ம குறள்ல துறவறவியலோட அதிகார வரிசையைப் பாருங்க, அருளுடைமையில ஆரம்பிச்சு, கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, கொல்லாமை எல்லாம் தாண்டி 36-ஆவது அதிகாரத்துலதான் மெய்யுணர்தல் வருது. வள்ளலார் இன்னும் ஒரு படி மேல போய் ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல்னு சொல்லிட்டார், 1867-ல வடலூர்ல தருமசாலையில அடுப்பையும் மூட்டிட்டார்.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது புத்தரோட கதைதான். வீட்டை விட்டு வந்ததும் ஆளார காலாமர்னு ஒரு குருகிட்ட போறார், அவர் சொல்லிக் குடுத்த 'ஒன்றுமில்லாத தளம்'ங்கிற தியான நிலையை சீக்கிரமே அடைஞ்சிடறார், அப்புறம் உத்தக ராமபுத்தர்கிட்ட போய் அதுக்கும் மேல, உணர்வு இருக்குன்னும் சொல்ல முடியாத இல்லன்னும் சொல்ல முடியாத நிலை வரைக்கும் போறார். ஆளாரர் நீயும் என்னோட சேர்ந்து சீடர்களை நடத்துன்னு கூப்பிடறார், உத்தகர் நீயே நடத்துன்னு சொல்லிடறார். அவர் கிளம்பிடறார். அன்னைக்கு இருந்ததுலயே உச்சமான தியானம் கையில இருக்கு, ஆனா ஆசையும் வெறுப்பும் வேரோட போகல, அதனால இது அது இல்லன்னு விட்டுட்டுப் போறதுக்கு எவ்வளவு நேர்மை வேணும்! பின்னாடி அவர் அமைச்ச பாதையில சீலம் (ஒழுக்கம்), சமாதி (மன ஒருமை), பஞ்ஞா (ஞானம்)ன்னு மூணும் ஒண்ணை ஒண்ணு தாங்கி நிக்குது. பிக்குகளை சங்கத்தை விட்டே வெளியேத்துற குத்தம் நாலுதான்: உடலுறவு, திருட்டு, மனுஷக் கொலை, நாலாவது என்ன தெரியுமா, அடையாத உயர்ந்த நிலையை அடைஞ்சுட்டேன்னு தெரிஞ்சே சொல்லிக்கிறது. கொலையோட அதே வரிசையில வெச்சிருக்காங்க. ஞானம்ங்கிற பேர்ல ஏமாத்தினா எத்தனை பேரோட வாழ்க்கை போகும்னு அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

கிறிஸ்தவத்துலயும் இதே எச்சரிக்கை இருக்கு. தேவதூதர் பாஷையே பேசினாலும் அன்பு இல்லன்னா அது சத்தமிடுற வெண்கலம்தான்னு பவுல் கொரிந்தியருக்கு எழுதறார். 1300-கள் சமயத்துல இருந்த ஜெர்மன் துறவி எக்ஹார்ட் சொன்னதுதான் இந்த விஷயத்துலயே எனக்குப் பிடிச்ச இடம்: பவுலுக்குக் கிடைச்ச மாதிரி ஒரு பரவசத்துல நீ இருக்கும்போது ஒரு நோயாளிக்கு உன்கிட்டேர்ந்து கொஞ்சம் சூப் தேவைப்படுதுன்னு தெரிஞ்சா, பரவசத்தை விட்டுட்டு எழுந்து போய் அவனுக்கு உதவுறதுதான் மேல்னு சொல்றார். அவில்லா தெரசா 1577-ல எழுதின நூல்ல ஆன்மாவை ஏழு மாளிகையா விரிச்சுக்கிட்டே போறாங்க, ஏழாவதுல கடவுளோட ஒன்றிப்போற நிலைக்கு வந்ததும் இதெல்லாம் எதுக்குன்னா நல்ல செயல் பிறக்கத்தான்னு சொல்றாங்க. பிளேட்டோவும் இதுக்குப் பக்கத்துலதான் நிக்கிறார், அவர் சொன்ன கதையில, நிழலை மட்டுமே பார்த்துட்டு இருந்த குகையை விட்டு வெளிய வந்து சூரியனைப் பார்த்தவன் அங்கேயே இருந்துடக் கூடாது, திரும்பக் கீழ இறங்கணும். பிளேட்டோ வழியில வந்த தத்துவஞானி புளோட்டினஸ் ஒண்ணும் வறட்டு ஒழுக்கவாதி கிடையாது, தான் கூட இருந்த காலத்துல அவர் நாலு தடவை அந்தப் பரம்பொருளோட கலந்தார்னு சீடர் போர்பிரி எழுதி வெச்சிருக்கார், அவரே உண்மையான நற்குணம் இல்லாம கடவுள்னு சொன்னா அது வெறும் பேர்தான்னு சொல்லியிருக்கார்.

சூஃபிகள்ல பாயஸீத் பிஸ்தாமி மாதிரி பரவசத்துல கரையறவங்களும் உண்டு, பக்தாதுல ஜுனைத் மாதிரி தெளிவுதான் பெருசுன்னு சொன்னவங்களும் உண்டு. ஜுனைதுக்குத் தன்னை இழக்கிற ஃபனாவோட கதை முடியறது இல்ல, அதுக்கப்புறம் திரும்பி வந்து மனுஷங்க நடுவுல, கடமைகளோட, கடவுள்ல நிலைச்சு வாழணும், அது பகா. எனக்கு ஜுனைத் பக்கம்தான் மனசு சாயுது.

அப்ப ஒழுக்கமா இருந்துட்டா போதுமான்னா, அங்கயும் ஒரு சிக்கல். சீன ஞானி லாவோட்ஸு தன்னோட நூலின் 38-ஆவது அத்தியாயத்துல தாவோ, அதாவது இயல்பான வழி, போனா நற்குணம், அது போனா மனிதநேயம், அதுவும் போனா நீதி, கடைசியில சடங்குன்னு இறங்குற வரிசையா வெக்கிறார், அதாவது நல்லவனா இருக்கணும்னு முயற்சி பண்றதே ஏதோ தொலைஞ்சு போச்சுங்கிறதுக்கு அடையாளம். இதுல நியாயம் இருக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு நல்லவனா இருக்கிறவன் மத்தவங்களைப் பார்க்கிற பார்வையே கடுமையா இருக்கும். அரிஸ்டாட்டிலும் ஆசையை அடக்கிக்கிட்டு சரியானதைச் செய்றவனையும், சரியானதைச் சந்தோஷமா செய்றவனையும் பிரிச்சு, ரெண்டாவது ஆளைத்தான் நற்குணம் உள்ளவன்னு சொல்றார். கன்ஃபூசியஸ் தன்னைப் பத்தி சொன்னதை இதோட சேர்த்துப் படிக்கணும், 15 வயசுல கல்வியில மனசு வெச்சேன்னு ஆரம்பிச்சு, 70-ல மனசு விரும்பினபடி நடந்தேன், எல்லை மீறலன்னு முடிக்கிறார். பரவசம், ஒளி எதுவும் இல்ல. ஆனா என்னைக் கேட்டா இதுவும் ஒரு உயர்ந்த நிலைதான், ஒழுக்கமே பழுத்து சுபாவமா ஆயிடுது.

இதுல ஆபத்தான இடம் ஒண்ணு இருக்கு, ஞானிக்கு நல்லது கெட்டது கிடையாதுங்கிற பேச்சு. இருமை இல்லன்னு சொல்ற எல்லா மரபுலயும் இது தலைதூக்கும். சங்கரரோட சீடர் சுரேஸ்வரர் இதுக்குக் கொஞ்சமும் இடம் குடுக்கல, அத்வைதம் புரிஞ்சவன் இஷ்டத்துக்கு நடப்பான்னா, அசுத்தத்தைத் தின்ற நாய்க்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்கறார். ஆனா அப்படிக் கேக்க ஆள் இல்லாமப் போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு வரலாறே இருக்கு. ரெண்டாம் உலகப் போர் காலத்துல ஜப்பான்ல ஜென் குருமார்கள் பல பேர், வருஷக்கணக்கா உக்காந்து பயிற்சி பண்ணவங்க, 'நான்' இல்லங்கிற போதனையையே ராணுவத்துக்கு உரமா போட்டாங்க. சோட்டோ ஜென் அமைப்பு 1992-ல இதுக்கு வெளிப்படையா மன்னிப்புக் கேட்டுச்சு. அவங்க தியானம் எல்லாம் பொய்னு நான் சொல்ல மாட்டேன், அங்க நிஜமாவே அமைதி இருந்திருக்கும், அந்த அமைதி கொலைக்கும் தடையா இல்லங்கிறதுதான் நெஞ்சை உலுக்குது.

அப்ப உண்மையிலேயே எதையோ பார்த்தவங்க எப்படித் தப்பு பண்றாங்கன்னா, பௌத்தத்தோட பழைய பிரிவான தேரவாதத்துல இதுக்கு ஒரு தெளிவான பதில் இருக்கு, நான் தேடினதுல இதைவிட நேர்மையான பதில் கிடைக்கல. மனசுக்குப் பத்து தளைன்னு கணக்கு வெச்சிருக்காங்க. முதல் விழிப்பு வர்றப்போ, அதாவது சோதாபன்ன நிலையில, அறுபடுறது மூணுதான்: தனியா ஒரு 'நான்' இருக்குங்கிற பார்வை, சந்தேகம், சடங்குப் பிடிப்பு. புலனாசையும் வெறுப்பும் ரெண்டாவது படியில இளைக்குது, மூணாவது படியிலதான் முழுசா போகுது. அதாவது உண்மையைப் பார்த்துட்ட ஒருத்தனுக்கும் இன்னும் கோவம் வரும், ஆசை வரும். குறள்லயும் மெய்யுணர்தலுக்கு அடுத்த அதிகாரம் அவாவறுத்தல், பார்த்த பிறகும் அறுக்க வேண்டியது மிச்சம் இருக்கு. அந்தப் பத்துல 'நான் மேல, நீ கீழ, நாம சமம்'னு அளந்து பார்க்கிற 'மானம்'ங்கிற அகந்தை மூணாவது படியிலயும் போகாது, நாலாவது, கடைசிப் படியான அரஹத்த நிலையிலதான் அறுபடுது, அதுவரைக்கும் எவ்வளவு பெரிய தியானிக்குள்ளயும் அது இருந்துக்கிட்டேதான் இருக்கும்.