சாட்சி நேரத்தில் சொல்லாதது

டிசம்பரில் வட இங்கிலாந்தின் நியூகாசிலில் சூரியன் எட்டரைக்குத்தான் எழும்பும். மூன்றே முக்காலுக்குள் மறைந்துவிடும். இடையில் உள்ள ஏழு மணி நேரத்தில் பாதியை மேகம் எடுத்துக்கொள்ளும். கேர் ஹோமில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனுக்கு மிச்சமுள்ள பாதியும் கிடையாது. நாகர்கோவிலில் இருந்தவரை வெயிலைத் திட்டியதைத் தவிர அதோடு எனக்கு வேறு உறவே இருந்ததில்லை.

என் மனைவி நர்ஸ். அவளுடைய விசாவோடு டிபெண்டண்டாக வந்தவன் நான். ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, படுக்க வைக்கிற வேலை. அந்த வேலையில் எனக்கு இழிவு எதுவும் தெரியவில்லை. என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதுதான் உறுத்தியது. வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு எல்லாம் அவள் பெயரில் இருந்தன. நர்ஸ் மனைவிகளோடு வந்த கணவன்மார் இந்த ஊரில் நிறையப் பேர். சந்தித்தால் கிரிக்கெட் பேசுவோம், கவுன்சில் வரி பேசுவோம், பழைய கார் எங்கே மலிவு என்று பேசுவோம். இதை மட்டும் பேசியதில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. மனச்சோர்வு வந்தால் ஆள் மூலையில் உட்கார்ந்து அழுவான் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது எரிச்சல். மகன் தட்டில் ஸ்பூனை உரசினால்கூடக் கோபம் பொங்கும். வேலை இல்லாத இரவுகளில் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. சோறு வாயில் மண்ணாக இருந்தது. ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், எனக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆங்கில ஆராதனை முடிந்தபின் அதே கோவிலின் ஹாலை வாடகைக்கு எடுத்துத் தமிழ் ஐக்கியம் கூடும். பாட்டு, ஜெபம், அப்புறம் கடவுள் செய்த நன்மையை எழுந்து மைக்கில் சொல்கிற சாட்சி நேரம். ஒருவருக்கு இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான ஐ.எல்.ஆர். கிடைத்தது, ஒருவருக்கு டிரைவிங் டெஸ்ட் பாஸ், ஒருவருடைய மாமியாருக்கு விசிட் விசா வந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாம் உண்மையான சந்தோஷங்கள்தான். ஆனால் சாட்சி என்றாலே முடிந்துபோன கஷ்டம் என்று ஆகிவிட்டது. இன்னும் நடுவில் கிடப்பவனுக்கு அந்த மைக்கில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு மூத்த அண்ணாச்சியிடம் மட்டும் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "ஜெப ஜீவியம் குறைஞ்சிட்டு தம்பி, அதான். மூணு நாள் உபவாசம் எடுங்க" என்றார். ஏற்கெனவே சாப்பாடு இறங்காதவனுக்கு உபவாசம்! அம்மாவோ போனில், "மக்களே, யாரோ கண்ணு போட்டிருக்கு" என்றாள். நான்கு தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. கண்ணேறு மட்டும் ஞானஸ்நானத்துக்குத் தப்பிவிட்டது.

மனைவிதான் கண்டுபிடித்தாள். வார்டில் தினமும் பார்க்கிற விஷயம், வீட்டில் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் நாளானது. காலை எட்டு மணிக்கு ஜி.பி. என்கிற குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கு அவளே போன் போட்டு, வரிசையில் காத்திருந்து நேரம் வாங்கினாள். போக மறுத்தேன். மருத்துவப் பதிவேட்டில் ஏறினால் விசா புதுப்பிக்கும்போது சிக்கல் வரும் என்று ஒரு பேச்சு நம் ஆட்களிடம் உண்டு. வெறும் வதந்தி அது. மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்த்தால் விசா போகாது. நீங்களாகச் சொன்னாலொழிய வேலை கொடுத்தவருக்கும் தெரியப்போவதில்லை.

மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். பி.எச்.க்யூ-9 என்பார்கள். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தில் இது எத்தனை நாள் உங்களைத் தொந்தரவு செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. தூக்கம், பசி, களைப்பு, கவனம் என்று வரிசையாகப் போய் ஒன்பதாவதில் நிற்கும்: செத்துப்போயிருந்தால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு வந்ததா? பேனா அங்கே நின்றுவிட்டது. கிறிஸ்தவனுக்கு அப்படி ஒரு நினைப்பு வரலாமா என்று யோசித்தேன். மனைவி பக்கத்தில் இல்லாததால் உள்ளதை எழுதினேன். மருத்துவர் அதிரவில்லை. ஏதாவது திட்டம் வைத்திருக்கிறீர்களா, உங்களை எது தடுக்கிறது என்று நேராகக் கேட்டார். திட்டம் இல்லை, பிள்ளையும் கடவுளும் தடுக்கிறார்கள் என்றேன். அதைக் கணினியில் தட்டிக்கொண்டார். தைராய்டு, பி12, வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதினார். மனச்சோர்வுக்கான மாத்திரை செர்ட்ராலின், 50 மில்லிகிராம் தந்தார். மருந்துச் சீட்டுக்கு அப்போது 9.90 பவுண்டு. ஸ்காட்லாந்தில் என்றால் அதுவும் இலவசம்.

முதல் வாரத்தில் குமட்டல், வாய் வறட்சி. மனம் அப்படியேதான் இருந்தது. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். நம் ஆட்கள் இரண்டாவது வாரமே "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துவது இதனால்தான். தேறியபின்பும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென்று விடக்கூடாது, மருத்துவர் சொல்கிறபடி குறைத்துக்குறைத்துத்தான் விடவேண்டும்.

பேச்சு சிகிச்சைக்கு இங்கிலாந்தில் மருத்துவர் சீட்டுகூட வேண்டாம். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நடத்தும் டாக்கிங் தெரபிஸ் என்ற சேவைக்கு நாமே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். முதலில் போனில் மதிப்பீடு, பிறகு கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். தயவுசெய்து கணவனையோ மனைவியையோ அந்த வேலைக்கு உட்காரவைக்காதீர்கள்.

இந்தக் காத்திருப்பில்தான் ஹாலைத் திறந்துவிட வந்த ஆங்கிலச் சபையின் போதகர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எப்படியோ வாயில் வந்துவிட்டது. எத்தனை மில்லி என்றார். சொன்னேன். "நான் நூறு" என்றார், சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று சொல்வதுபோல. ஒரு போதகர் வாயிலிருந்து அதைக் கேட்ட நிம்மதி எந்தப் பிரசங்கத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் சொல்லித்தான் பைபிளில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கிய அதே ஆள். வந்த தூதன் விசுவாசக் குறைவு என்று ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பத் தூங்குகிறான். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. உபவாசம் சொன்ன அண்ணாச்சிக்கு இந்த அதிகாரத்தை அனுப்ப நினைத்து விட்டுவிட்டேன்.

சிகிச்சையாளர் பெண் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் என் விசுவாசத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசவும் இல்லை. ஒரு வாரம் மணிவாரியாக என்ன செய்தேன் என்று எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால் வேலை, படுக்கை, போன், வேலை. உற்சாகம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றைச் செய்யத் தொடங்க வேண்டும், உற்சாகம் பின்னால் வரும் என்பது அவர்கள் முறை. கோவிலில் எது உங்களால் முடியும் என்றார். பாடவோ ஜெபிக்கவோ முடியாது, நாற்காலி போடலாம் என்றேன். சரி, அதுவே போதும் என்றார். ஞாயிறுதோறும் அரைமணி நேரம் முன்னால் போய் நாற்காலிகளை விரித்து வரிசையாகப் போட்டேன். சில வாரம் அதைமட்டும் செய்துவிட்டு ஆராதனைக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களான நமக்கு இதில் இவ்வளவு தயக்கம் ஏன் என்று புரியவில்லை. நாகர்கோவில் பக்கத்து நெய்யூரில் லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் 1838இலேயே மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன சாமர்வெல் டாக்டர் இதே வட இங்கிலாந்தின் கெண்டல் ஊர்க்காரர். வயிற்றுப் புண்ணோடு வந்த நம் தாத்தாமாருக்கு நெய்யூரில் கத்தி வைத்தவர். ஜெபம் பண்ணிவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போன பரம்பரை நாம். வயிற்றுக்குச் சரி என்றது மனதுக்கு மட்டும் எப்படி அவிசுவாசமானது?

அவசரம் என்றால்: இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக்கு உதவி கிடைக்கும். சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பின் எண் 116 123, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம். ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416.

இப்போது தூக்கம் வருகிறது, ருசி தெரிகிறது. மாத்திரை தொடர்கிறது. சங்கீதங்களில் "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்கிறவைதான் இன்னும் என் வாய்க்கு வருகின்றன, துதிப் பாட்டுகள் மெல்ல வரட்டும். போன மாதம் ஐக்கியத்தின் செயலாளர் வந்து, "தம்பி இப்ப நல்லா இருக்கீங்களே, ஒரு சாட்சி சொல்லுங்களேன்" என்றார். சொல்கிறேன் என்றேன், என்னவெல்லாம் சொல்வேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாத்திரையை மட்டும் விட்டுட்டுச் சொல்லலாமே" என்றார். சாட்சியும் மாத்திரையும் சேர்ந்துதான் வரும், வேண்டாமென்றால் அந்த ஞாயிறு வேறு ஆளைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.