ஸ்டென்ட் நன்றாகத்தான் இருந்தது

இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப்பில் டெக்னீஷியன் நான். அந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் ஒன்று உண்டு. குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் விரிந்தபின், கடைசியாக ஒரு முறை எக்ஸ்ரேயில் தெரியும் டை செலுத்திப் பார்ப்பார்கள். சற்று முன்வரை நூலாய்த் தெரிந்த இடம் முழுக் குழாயாக நிறைந்து ஓடும். "அடைப்பு போயிடுச்சு, இனிமே பயமில்லை" என்று, டாக்டர் கையுறையைக் கழற்றுவதற்குள் நானே சொல்லிவிடுவேன்.

அப்படிச் சொல்லி அனுப்பியவர்களில் ஒரு அம்மா. வயது அறுபதை ஒட்டி, சர்க்கரை உண்டு. அவசர கேஸ் இல்லை, தேதி குறித்து வந்து படுத்தவர். இதயத்தின் முன்பக்கப் பெரிய குழாயான எல்.ஏ.டி.யில் 80 சதவீத அடைப்பு, 3 மில்லிமீட்டர் ஸ்டென்ட் ஒன்று. மறுநாள் வீட்டுக்குப் போனவர் மூன்று வாரத்தில் திரும்பி வந்தார்.

"மாடி ஏறினா அதே அழுத்தம்தான் தம்பி. முன்னே உட்கார்ந்தா உடனே விடும். இப்ப கால் மணி நேரம் ஆகுது."

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் கேட்கவில்லையாம். மறுபடி ஆஞ்சியோ பார்த்தோம். ஸ்டென்ட் பளிச்சென்று திறந்திருந்தது, வேறெங்கும் அடைப்பில்லை. வயிற்றுக்கு ஒரு மாத்திரை, பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார்கள். "படம் நல்லா இருக்கும்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். கூட வந்திருந்த கணவர், கேட்டுக்கொண்டாயா என்பதுபோல அவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஆஞ்சியோ படத்தில் விழுவது பெரிய குழாய்கள் மட்டுமே. அரை மில்லிமீட்டருக்கும் மெலிந்தவை கண்ணுக்குத் தெரியாது. இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் போகவேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வதோ அந்தச் சிறு குழாய்கள்தான். மதகைத் திறந்துவிட்டு, வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போவது மாதிரிதான் எங்கள் வேலை. 1977இல் சூரிச்சில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் இதயக் குழாயில் முதல் பலூனை ஊதிய நாளிலிருந்தே எல்லோர் கண்ணும் மதகு மேல்தான்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்தச் சிறு குழாய்களை முன்னரே கெடுத்து வைத்திருக்கலாம். நாங்களும் கெடுப்பதுண்டு. பலூன் அழுத்தும்போது கொழுப்புப் படிவு நொறுங்கி, துகள்கள் கீழே போய்ச் சிக்கும். குழாய்கள் இறுகிக்கொள்ளும், உள்சுவர் வீங்கும். பிறகு அந்த அம்மாவின் ஃபைலைப் புரட்டியபோது பார்த்தேன். ஸ்டென்ட் வைத்த மறுநாள், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் டிரோப்போனின் ஏறியிருந்தது. "வைச்சா கொஞ்சம் ஏறத்தான் செய்யும்" என்று தாண்டிப் போயிருந்தோம். அது பல நேரம் உண்மையும்கூட.

மூன்றாம் முறை வந்தபோது வேறொரு டாக்டர் பணியில் இருந்தார். அழுத்தமும் வெப்பமும் அளக்கும் ஒயரை எடுத்து வைக்கச் சொன்னார். அலமாரியில் தேடித்தான் எடுத்தேன், அவ்வளவு அரிதாகத்தான் அதைத் தொடுவோம். ஒயரின் நுனி எல்.ஏ.டி.யின் கீழ்ப்பகுதிக்குப் போனதும், அறை வெப்பநிலையில் உள்ள சலைன் 3 மில்லி, மூன்று முறை சட்டென்று செலுத்த வேண்டும். அந்தக் குளிர்ச்சி நுனியை வந்தடைய எவ்வளவு நேரம் என்று மெஷின் கணக்கெடுக்கும். அப்புறம் அடினோசின் ஏற்றி, குழாய்களை முழுக்க விரிய வைத்து, மீண்டும் மூன்று முறை.

அடினோசின் ஏறியதும் அவர், "இதேதான் தம்பி, இதே வலிதான்" என்றார். அந்த மருந்து யாருக்கும் நெஞ்சை இறுக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

எண்களை எழுதுவது என் வேலை. பெரிய குழாயின் அடைப்பு எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எஃப்.எஃப்.ஆர். 0.91. பெரிய குழாயில் குறையில்லை, எங்கள் ஸ்டென்ட் பாஸ். ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று காட்டும் சி.எஃப்.ஆர். 1.6. இரண்டுக்காவது மேல் வந்திருக்க வேண்டும். கடைசியாக, சிறு குழாய்களின் தடையை அளக்கும் ஐ.எம்.ஆர். ஒயர் நுனியில் அழுத்தம் 82, சலைன் வந்துசேர 0.46 நொடி, பெருக்கினால் 38 வருகிறது. 25ஐத் தொட்டாலே சிறு குழாய்களில் தடை என்று பொருள்.

புதிதாக வைக்க எதுவும் இல்லை. இந்த அளவுக்குச் சிறிய குழாய்க்கு ஸ்டென்ட் கிடையாது. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையின் அளவைக் கூட்டி, வேறொரு மாத்திரை சேர்த்து, சர்க்கரையைக் கறாராகப் பார்க்கச் சொல்லி, மெல்ல நடையைக் கூட்டச் சொன்னார் டாக்டர். இதனால் வலி குறையலாம், முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா வலி எப்போது போகும் என்று கேட்கவில்லை. "அந்தக் கோடு கோடா வந்துச்சே, அதுல ஒரு காப்பி எனக்குத் தருவியா?" என்றார். எதற்கு என்றேன். கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரைக் கண்ணால் காட்டினார். பிரின்ட் எடுத்து, 38ஐப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தேன்.